ஆங்கிலம் காதில் விழுகிறது, புரியவில்லையா? இன்டர்நெட்டில் இருக்கிறது இலவசப் பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டால், பாதிப் பேர் "பிள்ளைகள் படிப்புக்கு" என்பார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது சினிமா பார்க்கும் பெட்டியாக மாறி இருக்கும். அதே பெட்டியை வைத்து ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், ஆங்கிலத்தில் தடுமாறாமல் பதில் சொல்லவும் பழகலாம். இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எனக்கு ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடி. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் 2014-ல் எனக்கு ஒரு லேப்டாப் கிடைத்தது. எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். பிறகு இன்ஜினியரிங் படித்தேன். பாடப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். படித்தேன், எழுதினேன், பாஸ் செய்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

2018-ல் ஒரு கம்பெனியின் இன்டர்வியூ, வீடியோ அழைப்பில் நடந்தது. எதிரில் இருந்தவர், "வுட் யூ ராதர் வொர்க் அலோன் ஆர் இன் எ டீம்?" என்று கேட்டார். தனியாக வேலை செய்ய விருப்பமா, குழுவிலா என்பதுதான் கேள்வி. ஆனால் என் காதில் அது ஒரே நீளமான சொல்லாக விழுந்தது. நான் "எஸ் சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். நான் மறுபடியும் "எஸ் சார்" என்றேன். இன்டர்வியூ அதோடு முடிந்தது. அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் பதில் எழுதியிருப்பேன்.

ஏன் இப்படி ஆகிறது?

நம்மில் பலர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள், காதால் கற்றவர்கள் அல்ல. தாளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். பேச்சில் இருக்காது. தமிழில் ஒவ்வொரு அசையையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான சொற்கள் மட்டும் ஓங்கி ஒலிக்கும். "டு, ஆஃப், அண்ட், கேன்" போன்ற சின்னச் சொற்கள் விழுங்கப்படும். "வாட் டூ யூ திங்க்" என்பது "வாடியதிங்க்" என்று வரும். தெரிந்த சொல்தான்; ஆனால் அந்த உருவத்தில் அதை நாம் கேட்டதில்லை. ஆகவே புதுச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த சொற்களைக் காதுக்கு அறிமுகம் செய்வதுதான் முதல் வேலை.

முதலில் ஹெட்போனும் மைக்கும்

லேப்டாப்பில் உள்ள சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பழக வேண்டாம். சொற்களின் கடைசி எழுத்துகள் அதில் கேட்காமல் போகும். மைக் உள்ள சாதாரண ஹெட்போன் ஒன்று போதும். மொபைல் போனுக்கு வாங்கியதும் பெரும்பாலான லேப்டாப்களில் வேலை செய்யும்.

விண்டோஸ் 11-ல் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ் செல்லவும். அதில் சிஸ்டம், பின் சவுண்ட் தேர்ந்தெடுக்கவும். கீழே இன்புட் என்ற பகுதி இருக்கும். நீங்கள் பேசும்போது அங்குள்ள கோடு அசைந்தால் மைக் வேலை செய்கிறது என்று பொருள். அசையவில்லை என்றால் செட்டிங்ஸில் பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி சென்று, மைக்ரோபோன் பிரிவில் அனுமதி ஆன் செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சில தளங்கள் மைக்கைப் பயன்படுத்த அனுமதி கேட்டுச் சின்னக் கட்டம் காட்டும். நம்பிக்கையான தளம் என்றால் மட்டும் அலோ என்பதில் க்ளிக் செய்திடுங்கள்.

கேட்டுப் பழக உதவும் தளங்கள்

கீழே உள்ள பெயர்களைக் கூகுளில் டைப் செய்தால் தளம் முதலில் வந்து நிற்கும். எளிதில் இருந்து கடினம் என்ற வரிசையில் தந்துள்ளேன்.

1. பிரிட்டிஷ் கவுன்சில் லேர்ன் இங்கிலீஷ்: இங்கே லிசனிங் பகுதியில் ஏ1 முதல் சி1 வரை படிப்படியாகப் பாடங்கள் உள்ளன. ஏ1 என்பது தொடக்க நிலை. ஒவ்வொரு பாடத்திலும் கேட்பதற்கு முன் ஒரு பயிற்சி, ஒலிப்பதிவு, கேட்ட பின் கேள்விகள், முழுப் பேச்சின் எழுத்து வடிவம் ஆகியவை கிடைக்கும். பி1 நிலைப் பாடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் புரியவில்லை என்றால் ஏ2-க்கு இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2. ராண்டல்ஸ் இ.எஸ்.எல். சைபர் லிசனிங் லேப்: 1998-ல் இருந்து இயங்கும் பழைய தளம். தோற்றம் எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஈஸி, இன்டர்மீடியட், டிஃபிகல்ட் என்று பிரித்து, சின்னச் சின்ன உரையாடல்களும் அவற்றுக்குக் கேள்விகளும் தருகிறார்கள். அமெரிக்க உச்சரிப்புக்குக் காது பழக இது நல்ல இடம்.

3. பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷ்: இதில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்ற நிகழ்ச்சியைத் தேடுங்கள். இரண்டு பேர் ஆறு நிமிடம் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, முடிவில் விடை சொல்வார்கள். நடுவில் ஆறு புதுச் சொற்களுக்கு விளக்கம் வரும். ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் டவுண்லோட் செய்துகொள்ளலாம். எங்கள் ஊரில் குற்றாலச் சாரல் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஞாயிறு காலையில் பத்து நிகழ்ச்சிகளை இறக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

4. என்.பி.டி.இ.எல்.: ஐ.ஐ.டி.கள் மற்றும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். இன்ஜினியரிங், அறிவியல் முதலிய பாடங்களில் பேராசிரியர்கள் நடத்தும் முழு வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். இதை யாரும் ஆங்கிலப் பயிற்சித் தளம் என்று சொல்வதில்லை. ஆனால் கல்லூரி ஆங்கிலத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் நமக்கு இல்லை. பேசுபவர்கள் இந்தியர்கள், அந்த உச்சரிப்பு நமக்குப் பழகியது. பல பாடங்களுக்கு எழுத்து வடிவமும் உண்டு. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது.

5. எம்.ஐ.டி. ஓப்பன் கோர்ஸ்வேர்: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் தருவதாக 2001-ல் அறிவித்துத் தொடங்கியது. இதில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகளைப் பாருங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மேட்ரிக்ஸ் கணக்கு உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்றால், ஆங்கிலத்தை மட்டும் கவனித்தால் போதும்.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் இருந்து மெதுவான, எளிய ஆங்கிலத்தில் செய்திகள் வழங்கி வந்தது. பழைய கட்டுரைகள் பல இதனைப் பரிந்துரைக்கும். ஆனால் 2025 மார்ச்சில் அந்த நிலையத்தின் ஊழியர்கள் ஏறக்குறைய அனைவரும் விடுப்பில் அனுப்பப்பட்டனர். ஆகவே அதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம்.

இந்த வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. பொருளும் புதிது, உச்சரிப்பும் புதிது என்றால் காது திணறும். முதலில் தெரிந்த பாடம், பழகிய உச்சரிப்பு. அடுத்து தெரிந்த பாடம், புது உச்சரிப்பு. கடைசியில்தான் புதுப் பாடம், புது உச்சரிப்பு.

கேட்கும் முறை

என் சித்தி மகள் கடந்த ஆண்டு வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது. ஆனால் ஐயெல்ட்ஸ் தேர்வின் லிசனிங் பகுதியில் 6.5 வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் முறை எழுதி 5.5 வாங்கினாள். சித்தப்பா அதற்குள் வங்கியில் கல்விக் கடனுக்கு மனு கொடுத்திருந்தார். இரண்டாவது தேர்வுக்கு எட்டு வாரம்தான் இருந்தது.

"அண்ணே, தினமும் ரெண்டு மணி நேரம் கேக்கத்தான் செய்யுதேன். காதுல விழுது. ஆனா என்னன்னு வெளங்க மாட்டேங்கு" என்றாள். எப்படிக் கேட்கிறாய் என்று விசாரித்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் ஹெட்போனில் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறாள். இப்படிக் கேட்பது வீண் அல்ல. ஆனால் தேர்வுக்கு அது போதாது. இரண்டு மணி நேரம் ஓடவிடுவதைவிட, இரண்டு நிமிடப் பகுதியை முழுதாகப் பிடிப்பது மேல். அவளுக்குச் சொன்ன முறை இதுதான்.

முதல் சுற்று: இரண்டு நிமிடப் பகுதியை நிறுத்தாமல் கேளுங்கள். எதைப் பற்றிப் பேச்சு என்று ஒரே வரியில், தமிழிலேயே எழுதுங்கள்.

இரண்டாம் சுற்று: மறுபடி நிறுத்தாமல் கேட்டு, ஓங்கி ஒலிக்கும் சொற்களை மட்டும் குறியுங்கள்.

மூன்றாம் சுற்று: ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள்.

நான்காம் சுற்று: இப்போதுதான் எழுத்து வடிவத்தைத் திறக்க வேண்டும். கோடு போட்ட இடங்களில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்த சொற்களாகவே இருக்கும்! அவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டுதான் உங்கள் உண்மையான பாடப் புத்தகம்.

ஐந்தாம் சுற்று: எழுத்து வடிவத்தை மூடிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

முதல் சுற்றிலேயே சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் கண் படித்துவிடும், காது தூங்கிவிடும்.

உதவும் கீகள்

யூடியூப்பில் ஜெ கீயை அழுத்தினால் பத்து விநாடி பின்னால் போகும். கே கீ நிறுத்தவும் ஓட்டவும் உதவும். சி கீ சப்டைட்டிலைக் காட்டும், மறைக்கும். கீழே உள்ள பல்சக்கரப் படத்தில் க்ளிக் செய்து, பிளேபேக் ஸ்பீட் என்பதில் 0.75 வைத்தால் பேச்சு மெதுவாகும். 0.5 வரை போகாதீர்கள். சொற்கள் இழுபட்டு வேறு ஒலியாகிவிடும்.

டவுண்லோட் செய்த பைலை வி.எல்.சி. பிளேயரில் திறந்தால், இடது சதுர அடைப்புக்குறி கீ வேகத்தைக் குறைக்கும். வலது அடைப்புக்குறி கூட்டும். சமக்குறி கீ பழைய வேகத்துக்குக் கொண்டுவரும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறி அழுத்தினால் மூன்று விநாடி பின்னால் செல்லும். மூன்றாம் சுற்றுக்கு இது மிகவும் உதவும்.

எழுத்து வடிவம் இல்லாத பேச்சு என்றால், விண்டோஸ் 11-ல் விண்டோஸ், கண்ட்ரோல், எல் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். லைவ் கேப்ஷன்ஸ் திறந்து, கம்ப்யூட்டரில் ஓடும் பேச்சை எழுத்தாகக் காட்டும். பெயர்களிலும் எண்களிலும் அது தவறும். அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேசிப் பழகுதல்

பேச ஆள் இல்லை என்பதே நம் ஊர்களில் பெரிய குறை. ஆள் இல்லாமலும் தொடங்கலாம்.

நிழல் பேச்சு: ஆறாவது சுற்றாக, ஓடும் பேச்சுக்கு அரை விநாடி பின்னால் நீங்களும் அதையே சொல்லிக்கொண்டு போங்கள். ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். முதல் வாரம் நாக்கு புரளாது. பக்கத்து வீட்டில் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். கவலைப்படாதீர்கள்.

பதிவு செய்தல்: ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000-ஆம் ஆண்டில் இருந்து கிடைக்கிறது. சிவப்பு வட்டத்தை அழுத்தினால் உங்கள் குரல் பதிவாகும். ஒரு வாக்கியத்தை அசல் பேச்சிலும், பின் உங்கள் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தானே தெரியும். இதை நிறுவ விருப்பம் இல்லையெனில் விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டர் போதும்.

குரலை எழுத்தாக்குதல்: நோட்பேட் திறந்து விண்டோஸ், எச் கீகளை அழுத்திப் பேசினால், நீங்கள் பேசுவது எழுத்தாக வரும். கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழு வாக்கியமாகப் பேசினால், முன்பின் சொற்களை வைத்து அது ஊகித்துச் சரியாக எழுதிவிடும். நம் தவறு தெரியாது. ஆகவே தனிச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள்.

தமிழர்களாகிய நாம் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 'பேக்' என்று நாம் ஒரே மாதிரி எழுதும் சொல்லை, முதல் எழுத்தை அழுத்தமின்றிச் சொன்னால் பின்பக்கம். காற்றோடு வெடித்துச் சொன்னால் மூட்டை கட்டுதல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று. ஆங்கிலக் காதுக்கு வேறு. 'காபி' என்று சொன்னால் குடிக்கும் காபியா, நகல் எடுக்கும் காப்பியா என்று குழப்பம் வரும். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்போம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டில் முதலாவதற்குக் கடைசியில் அழுத்தம். இரண்டாவதற்கு முதலில் அழுத்தம். விலையும் தேதியும் சொல்லும்போது இது முக்கியம்.

ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்ற சந்தேகம் வந்தால் யூக்ளிஷ் தளத்தில் அந்தச் சொல்லை டைப் செய்யுங்கள். அது பேசப்படும் யூடியூப் காட்சிகளை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டும். அமெரிக்கா, பிரிட்டன் என்று உச்சரிப்பையும் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது ஏ.ஐ. செயலிகளுடன் குரலில் உரையாடவும் முடிகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டிலும் இந்த வசதி உண்டு. "நீ ஒரு பேராசிரியர். என்னைக் கேள்வி கேள். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் இரண்டு தவறுகளை மட்டும் சொல்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எதற்கெடுத்தாலும் அருமை, பிரமாதம் என்று பாராட்டிக்கொண்டே இருக்கும். அது தரும் பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். தேர்வாளர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

ஐயெல்ட்ஸ் லிசனிங்கில் நான்கு பகுதிகள், மொத்தம் 40 கேள்விகள். ஒலிப்பதிவு சுமார் 30 நிமிடம். ஒரே ஒரு முறைதான் ஓடும். மூன்றாம் பகுதி மாணவர்கள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொள்வது. நான்காம் பகுதி ஒருவரே நடத்தும் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் மதிப்பெண் இல்லை. ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். அதில் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, ஒன்றில் இருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். வீட்டில் மொபைலில் அலாரம் வைத்து இதைப் பழகலாம்.

டோஃபல் எழுதுபவர்கள் கவனிக்க: 2026 ஜனவரி 21 முதல் அந்தத் தேர்வின் அமைப்பு மாறியுள்ளது. ஸ்பீக்கிங் பகுதியில் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், நேர்காணல் ஆகியவை வந்துள்ளன. பழைய மாதிரித் தாள்களை விலை கொடுத்து வாங்கி ஏமாற வேண்டாம். மாதிரித் தேர்வுகளை நடத்தும் அமைப்புகளின் சொந்தத் தளங்களிலேயே இலவசமாகப் பார்க்கலாம். "கேள்வித்தாள் முன்கூட்டியே தருகிறோம்" என்று பணமோ ஆதார் எண்ணோ கேட்டு வரும் மெயில்களை அப்படியே அழித்துவிடுங்கள்.

சித்தி மகளின் தவறு எங்கே இருந்தது என்பதை அவளுடைய பயிற்சித் தாள்களே காட்டின. தவறுகள் மூன்று மூன்றாக, நான்கு நான்காக வந்தன. ஒரு விடை தவறிப் போனால் அதையே நினைத்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குள் பேச்சு அடுத்த மூன்று விடைகளைத் தாண்டிப் போய்விடுகிறது. விடைகள் கேள்வி வரிசையிலேயேதான் வரும். தவறியதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டும். அதற்குக் கைகாட்டிச் சொற்கள் உதவும். "நவ் லெட்ஸ் மூவ் ஆன் டு" என்றால் அடுத்த தலைப்பு வருகிறது. "ஆன் தி அதர் ஹேண்ட்" என்றால் எதிர்க்கருத்து வருகிறது. "தி மெயின் ரீசன் இஸ்" என்றால் பேனாவைத் தயாராக வையுங்கள்.

ஒரு வாரத் திட்டம்

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 40 நிமிடம்: 25 நிமிடம் ஐந்து சுற்றுக் கேட்டல், 10 நிமிடம் நிழல் பேச்சு, 5 நிமிடம் கோடு போட்ட சொற்களைத் திரும்பப் பார்த்தல். சனிக்கிழமை இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, தேதியைப் பெயராகக் கொடுத்துச் சேமியுங்கள். ஞாயிறு முழு வகுப்பு ஒன்றைக் குறிப்பெடுத்துக் கேளுங்கள். அடுத்த வாரத்துக்கு வேண்டியதை டவுண்லோட் செய்யுங்கள்.

முதல் மூன்று வாரம் முன்னேற்றம் தெரியாது. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்காம் வாரம் முதல் சனிக்கிழமைப் பதிவைப் போட்டுக் கேளுங்கள், உங்களுக்கே தெரியும்.

அவள் இரண்டாம் முறை லிசனிங்கில் 7 வாங்கினாள். எட்டு வாரத்தில் எல்லோருக்கும் இது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் படிப்பில் முன்பே நல்ல அடித்தளம் இருந்தது. ஆனால் கோடு போட்ட இடங்கள் வாரத்துக்கு வாரம் குறைந்ததை நோட்டில் நானே பார்த்தேன்.

எனக்கும் 2018-க்கு அடுத்த ஆண்டு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இப்போது மாதத்தில் பாதி நாள் ஆய்க்குடி வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களோடு தினமும் பேச வேண்டும். இன்றும் சில சமயம் ஒரு கேள்வி பிடிபடாமல் போவதுண்டு. அப்போது "எஸ் சார்" என்று சொல்வதில்லை. "குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?" என்று கேட்கிறேன். இன்றைய பயிற்சியை இந்த வாக்கியத்தில் இருந்தே தொடங்குங்கள். மைக்கை ஆன் செய்து, மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.